நாவலூரும் நாப்பெரணியும்

போன தை மாதம் திருநாவலூரில் அண்ணன் மகள் புதுவீடு குடிபோனாள். பால் காய்ச்சி, பந்தி முடிந்து, வெற்றிலை போட உட்கார்ந்த நேரத்தில் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டிவிக்கு மேலே சுவரில் ஒரு கல் பலகை பதித்திருந்தது. மூன்றடி நீளம், இரண்டடி உயரம். சந்தன நிறமும் வெளிர்பச்சையும் கலந்த மணற்கல். அதன்மேல் கருஞ்சிவப்பில் கிளை கிளையாகப் பிரிந்து, நுனி நுனியாகச் சிதறி, ஒரு பெரணித் தோட்டமே படர்ந்திருந்தது. வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கி, கீழேயிருந்து சின்ன விளக்கு ஒன்றும் போட்டிருந்தார்கள்.

“தொட்டுப் பாருங்க சித்தப்பா. கோடி வருசத்துக்கு முந்தின இலையாம். அப்படியே கல்லாயிடுச்சாம். ஃபெர்ன் ஃபாசில்னு கடையில சொன்னாங்க.”

கொடுத்த விலையையும் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை. அவள் வீட்டுக்காரர் இதைப் படிக்கக்கூடும். பக்கத்தில் நின்ற அவள் மகன், ஏழாவது படிப்பவன், கல்லை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். “சின்னத் தாத்தா, ஃபெர்னுக்குத் தமிழ்ல என்ன?”

பெயரைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கைவேலை ஓடாது. அன்று ஊர் திரும்பும் பேருந்தில் தொடங்கிய யோசனை, எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் அந்த ஊர்ப் பெயரிலேயே வந்து நின்றது.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஃபெர்னுக்குப் பெரணி என்று பெயர். இலங்கைப் பாடநூலில் பன்னம். இரண்டில் பன்னத்தின் கதை சுவையானது. வடமொழியில் ‘பர்ண’ என்றால் இலை, இறகு. அது தமிழில் பன்னம் ஆயிற்று. முனிவர் குடிலுக்குப் பன்னசாலை என்று பெயர் வந்தது அப்படித்தான். ஆங்கிலத்தின் ‘ஃபெர்ன்’ என்ற சொல்லும் அதே வடமொழி ‘பர்ண’வின் உடன்பிறப்பு என்பது மொழியியலார் முடிவு. இந்தோ-ஐரோப்பிய மூலச் சொல் ஒன்று ஒரு பக்கம் இங்கிலாந்துக்குப் போய் ‘ஃபெர்ன்’ ஆயிற்று; இன்னொரு பக்கம் கங்கைக்கரை வந்து ‘பர்ண’ ஆகி, நம்மிடம் பன்னமாக ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘பன்னம்’ என்று எழுதும்போது, தனக்குத் தெரியாமலே ‘ஃபெர்ன்’ என்ற சொல்லின் தமையனை எழுதுகிறது.

கிரேக்கர்களும் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார்கள். அவர்கள் மொழியில் பெரணிக்கு ‘டெரிஸ்’. ‘டெரான்’ என்றால் சிறகு. அதிலிருந்துதான் நம் தாவரவியல் புத்தகத்தின் ‘டெரிடோஃபைட்டுகள்’. ஆக, மூன்று நாட்டு மனிதர்கள் ஈரக் காட்டில் ஒரே செடியைப் பார்த்திருக்கிறார்கள். மூவர் கண்ணுக்கும் அது பறவையின் இறகாகவே பட்டிருக்கிறது. பெயர் வைத்தவன் கண்ணில் முதலில் எது பட்டதோ அது பெயரில் தங்கிவிடுகிறது. செடி உண்மையில் என்ன என்பது வேறு விசாரணை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் குழப்பமெல்லாம் இதிலிருந்து பிறப்பதுதான்.

உண்மையான பெரணிகளை நம் மக்கள் பெரணி என்றே அழைப்பதில்லை. திருநாவலூர் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நான்கு இலை கூடி நிற்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. பூக்காது, காய்க்காது, விதையில்லை, வித்துகளால் பெருகும். அதைக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிட்டவர்கள் யாரும் ‘இன்றைக்கு வீட்டில் ஃபெர்ன் குழம்பு’ என்று சொன்னதில்லை. ஆரை என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஈழத்தில் வட்டத்தின் ஆரத்தை இன்றும் ஆரை என்றுதான் கணக்கில் எழுதுகிறார்கள். காம்பு நுனியில் நான்கு இலையும் ஆரக்கால்போல நிற்பதால் வந்த பெயர் என்று நான் நினைக்கிறேன்.

மேற்கே மலைப்பக்கம் போனால் முடவாட்டுக்கால். கொல்லிமலைக்குப் போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும், செம்பட்டை மயிர் போர்த்திய கிழங்கு, பார்த்தால் ஆட்டுக்காலேதான். மூட்டுவலிக்கு என்று சூப் வைத்துக் கொடுப்பார்கள். முடவன் ஆட்டுக்கால் என்பது சுருங்கி முடவாட்டுக்கால் ஆனது என்பார்கள். முடவனையும் ஆட்டுவிக்கும் கால் என்று பிரித்துப் பொருள் சொல்வோரும் உண்டு. அதுவும் அசல் பெரணி. பெயரிலோ ஆடுதான் இருக்கிறது.

பெரணிக்கு ஆட்டின் பெயர் வந்தால் யாருக்கும் நட்டமில்லை. பெரணியே இல்லாததற்குப் பெரணி என்று பெயர் வைத்தவர்களின் கதை வேறு. அதைச் செய்தவர்கள் விஞ்ஞானிகள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் செயின்ட் கிளேர் என்ற ஊர். அதன் அருகே கிடைத்த பலகைக் கற்கள்தாம் உலகத்தில் சுவரில் மாட்டப்படும் பெரணிக் கற்களில் பேர்போனவை. கரிய களிப்பாறை, அதன்மேல் வெள்ளி இழைபோல இலைகள். இலை இருந்த இடத்தைப் பைரோஃபிலைட் என்ற வெண்கனிமம் நிரப்பியதால் அந்த நிறம். வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டு. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினால் வேறு படமே வேண்டாம். அந்தப் பலகைகளில் அடிக்கடி தென்படும் இலைக்கு ‘அலீதோப்டெரிஸ்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘அலீதெஸ்’ என்றால் மெய். மெய்ப்பெரணி! பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த பெயர். பிறகு 1904ஐ ஒட்டி ஆலிவர், ஸ்காட் என்ற இரு ஆங்கிலேயத் தாவரவியலார், இந்த வகை இலைகள் பலவும் விதை தாங்கிய செடிகளுடையவை என்று காட்டினார்கள். பெரணிக்கு விதை கிடையாது. ஆகவே மெய்ப்பெரணி என்ற பெயர் சூட்டப்பட்டது மெய்யாகவே பெரணி அல்ல. பெயரை மாற்ற முடியாது. உயிரியலில் முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. கூட்டாக ‘விதைப்பெரணிகள்’ என்று ஒரு பெயரைக் கூட்டிச் சமாளித்துக்கொண்டார்கள்.

நமக்கு நெருக்கமான கல்லிலை இன்னொன்று. 1828இல் பாரிசில் அடால்ஃப் பிரோஞ்னியார் என்ற தாவரவியலார், இந்தியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் போன கற்களில் நீண்டு, நுனி மழுங்கி, நடுவே தண்டுபோல நரம்பு ஓடும் இலையைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது நாக்காகத் தெரிந்தது. ‘குளோசா’ என்றால் நாக்கு. ‘குளோசோப்டெரிஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் சொன்னால் நாப்பெரணி.

இந்த நாப்பெரணியும் பெரணியில்லை. 1952இல் தென்னாப்பிரிக்காவின் எட்னா பிளம்ஸ்டெட் என்ற அம்மையார், அதன் இலையோடு ஒட்டிய இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி எழுதினார்; அது விதைத் தாவரம் என்பது பிறகு உறுதியாயிற்று. குளிர்காலத்தில் இலை உதிர்த்த மரங்கள் அவை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுக்கு முன் உலகத்தின் மாபெரும் உயிரழிவில் போய்விட்டன. இறந்தும் பெயர் தேய்ந்துவிடவில்லை. 1912இல் தென்துருவம் தொட்டுத் திரும்பும் வழியில் பனியில் மடிந்த ஸ்காட்டின் (முன்னே சொன்ன தாவரவியலார் அல்ல, இவர் வேறு ஸ்காட்) குழுவினர், உடம்பில் தெம்பில்லாத நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோ கற்களைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்திருந்தார்கள். அந்தக் கற்களில் இருந்தது இந்த நாப்பெரணி. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அண்டார்க்டிகாவிலும் ஒரே இலை எப்படி என்ற கேள்விக்கு விடைதான், இவையெல்லாம் ஒருகாலத்தில் ஒட்டிக்கிடந்த ஒரே நிலம் என்பது. ராணிகஞ்சிலும் தால்ச்சேரிலும் கோதாவரிப் படுகையிலும் நாம் வெட்டும் நிலக்கரி பெரும்பாலும் அந்த மரங்கள் மக்கிக் கரியானதுதான். தால்ச்சேர் கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கு வந்து மின்சாரமாகிறது. அண்ணன் மகள் வீட்டுக் கல்லுக்குக் கீழே எரியும் சின்ன விளக்கில் நாப்பெரணிக்கு ஒரு பங்கு இருக்கிறது. மேலே இருக்கும் கல்லில் இருக்கிறதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

நாக்கின் பெயரைச் சரியாகத் தாங்கிய பெரணி ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெரணிக் குலத்துக்கு அநியாயம் செய்ததாக இருக்க வேண்டாம். ‘ஓஃபியோகிளாசம்’, அதாவது பாம்புநாக்கு. ஒற்றை இலை, நடுவில் நாக்கு நீட்டியதுபோல ஒரு கதிர். 1954இல் கேரளத்தைச் சேர்ந்த ஆபிரகாமும் நினானும் அதன் ஒரு இனத்தின் உயிரணுவில் 1,260 குரோமோசோம்களை எண்ணினார்கள். மனிதனுக்கு 46. பாம்புநாக்கு அசல் பெரணி.

நா, நாக்கு என்று இத்தனை தடவை எழுதியபிறகு நாவலூருக்கு வராமல் இருக்க முடியாது.

திருநாவலூரில் பிறந்தவர் சுந்தரர். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிள்ளை. திருமுனைப்பாடி நாட்டு மன்னர் நரசிங்கமுனையரையர் எடுத்து வளர்த்தார். தம்மைப் பதிகங்களில் நாவலூரன் என்று சொல்லிக்கொண்டவர். கோயிலின் பழம்பெயர் திருத்தொண்டீச்சரம்; இறைவன் பக்தஜனேசுவரர்; தலமரம் நாவல். ஊரில் பெரியவர்களைக் கேட்டால் பெயர்க் காரணம் இரண்டு சொல்வார்கள். நாவல் மரம் நின்ற ஊர் என்பது ஒன்று. நா வல்லவர் பிறந்த ஊர், நா வல் ஊர், என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறும். நா வல்லவர் நாவலர் என்பதில் பிழையில்லை. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் யாழ்ப்பாணத்து ஆறுமுகத்துக்குச் சூட்டிய பட்டம் அதுதான். தேவாரம் பாடியவர் பிறந்த ஊருக்கு அந்தப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதே என் சந்தேகத்துக்குக் காரணம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. நாவல் என்ற மரப்பெயரே நாவிலிருந்து வந்தது என்பார்கள். பழத்தைத் தின்றால் நாக்கு நீலமாகிறதே, வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூடத்தில் நாக்கை நீட்டி யார் நாக்கு அதிக நீலம் என்று பந்தயம் வைத்தவர்களுக்கு இந்த விளக்கம் தேனாக இனிக்கும். எனக்கும் நெடுநாள் இனித்தது.

அண்டை மொழிகளிடம் கேட்டபோது அந்த இனிப்பு கரைந்துபோயிற்று. மலையாளி நாக்கை நாவு என்கிறான், நாக்கு என்கிறான்; நம்மைப்போல ‘ந’தான். நாவல் மரத்தையோ ஞாவல் என்கிறான். ‘ஞ’! தமிழில் சொல்லின் தலையில் நின்ற பழைய ஞகரம் நகரமாகத் தேய்ந்தது ஒன்றிரண்டு சொல்லில் மட்டும் நடந்ததல்ல. ஞண்டு நண்டாயிற்று, மலையாளி இன்றும் ஞண்டு என்கிறான். நமக்கு நாற்று, அவனுக்கு ஞாறு. நாண் கயிறு பழைய நூல்களில் ஞாண். அந்த வரிசையில் நிற்பதுதான் ஞாவல், நாவல்.

இன்னும் வடக்கே போனால் சாட்சி வலுக்கிறது. நம் ஞாணுக்குக் கன்னடத்தில் நேணு. நம் ஞாயிற்றுக்குக் கன்னடத்தில் நேசரு. நம் பழைய ‘ஞா’ அங்கே ‘நே’ ஆகும் என்பது வாய்பாடு. நாவலுக்குக் கன்னடத்தில் என்ன? நேரளெ. தெலுங்கில் நேரேடு. நாக்குக்குக் கன்னடத்தில் நாலிகெ, தெலுங்கில் நாலுக. நாக்கு எங்கே போனாலும் ‘நா’வாகவே இருக்கிறது, மரம் மட்டும் ‘ஞா’, ‘நே’ என்று வேடம் மாற்றுகிறது. இரண்டும் வேறு வேறு வேர். தமிழில் ஞகரம் தேய்ந்ததால் தற்செயலாக ஒரே முகம் கொண்டுவிட்டன. பழம் நாக்கை நீலமாக்கியது நம்மை நம்ப வைத்தது.

ஆகவே ஊர்ப்பெயரில் இருப்பது மரம். நாவலர் பட்டத்தின் நா அங்கே இல்லை. இதனால் சுந்தரருக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

இந்த ஊர்ப்பெயர் பட்ட பாடு இத்தோடு முடியவில்லை. பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் படையோடு திருமுனைப்பாடியில் தங்கியிருந்த காலத்தில் திருத்தொண்டீச்சரம் கற்றளியாயிற்று. ஊருக்கு இராசாதித்தபுரம் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள். 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே அவன் மாண்டான். அந்தப் பெயரும் கல்வெட்டோடு நின்றுபோயிற்று. அரசன் பெயர் ஒட்டாத ஊரில் அடுத்து ஒட்டியது ஒரு பிழை. ஆங்கிலேயர் காலத்துக் கல்வெட்டு வெளியீடுகளைப் புரட்டினால் திருநாவலூர் கிடைக்காது; திருநாமநல்லூர் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். மக்கள் வாயில் அப்படித்தான் வழங்கியது, இன்றும் வழங்குவதுண்டு. இது நடந்த விதத்தை ஊகிக்க முடிகிறது. வகரம் மகரமாவது பேச்சில் சாதாரணம்: விழித்தான் முழித்தான் ஆகிறான், விழுங்கினது முழுங்கினது ஆகிறது, வானம் பார்த்த பூமி மானம் பார்த்த பூமி ஆகிறது. நாவலூர் நாமலூர் ஆகியிருக்கும். நாமலூர் என்றால் யாருக்கும் பொருள் விளங்காது. பொருள் விளங்காத பெயரைத் தமிழன் சும்மா விடமாட்டான். திரு என்ற அடையும் முன்னால் இருக்கவே, நாமலூர் திருநாமநல்லூர் என்று திருத்தம் பெற்றிருக்கும். நாமம் என்றால் பெயர். ஒரு மரத்தின் பெயர் போய், அந்த இடத்தில் ‘பெயர்’ என்ற சொல்லே வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லாராய்ச்சிக்காரனுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்காது. சைவத் தலத்துக்கு நாமம் போட்டுவிட்டார்கள் என்று சிரித்த ஒரு வைணவ நண்பரையும் நான் அறிவேன்.

நாவல் மரத்துக்கு இதைவிடப் பெரிய ஆட்சி உண்டு. நம் முன்னோர் இந்த நிலப்பரப்பு முழுவதையும் நாவலந்தீவு என்றார்கள், வடமொழியில் ஜம்புத்வீபம். அசோகரின் சிறுபாறைக் கல்வெட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது. மணிமேகலையில் வரும் சம்பாபதி என்ற தெய்வம் நாவல் மரத்தடியில் தவம் இருந்தவள், நாவலந்தீவின் காவல் தெய்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலநூலார் தங்கள் பெருங்கண்டத்துக்குப் பெயர் தேடினார்கள். 1872இல் மெட்லிகாட், நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் காட்டுப் பகுதிப் பாறைகளுக்குக் கோண்டுவானா என்று பெயரிட்டார். 1885இல் வியன்னாவின் எடுவார்ட் சூஸ் அதைக் கண்டத்தின் பெயராக்கி ‘கோண்டுவானா நிலம்’ என்றார். ‘வன’ என்பதிலேயே இடம் இருக்கிறது. மேலே ஒரு ‘நிலம்’ தேவையில்லை. நாம் ‘நடு சென்டர்’ என்று சொல்வதுபோல ஆகிவிட்டது. கோண்டி தமிழுக்கு உறவு மொழி, திராவிடக் குடும்பம். ஆக, ஒரு திராவிட இனத்தின் பெயர் அண்டார்க்டிகா வரை பரவிக் கிடக்கிறது. சூஸுக்கு அந்தக் கண்டம் இருந்தது என்று சொன்ன முதன்மைச் சாட்சி நம் நாப்பெரணி. ஒரு நிலத்தை மரத்தை வைத்து நாவலந்தீவு என்றார்கள். இன்னொரு நிலத்தை இலையை வைத்து அடையாளம் கண்டார்கள். நாவலும் நாவும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் முன்னே சொன்னேனே, பக்கத்தில் நிற்பது உறவாகிவிடாது.

பூமிக்குள்ளும் நாவல் ஒருமுறை பெயரளவில் தலைகாட்டியது. 1930களில் நெய்வேலியில் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது கருந்துகள்கள் தண்ணீரோடு வருவதைக் கவனித்தவர் ஜம்புலிங்க முதலியார். அது பழுப்பு நிலக்கரி, புதையுண்ட காடு. ஜம்பு என்றால் நாவல் என்பதைச் சொல்லிவிட்டு, இதில் பொருள் தேடாமல் நகர்கிறேன்.

இப்போது சுவருக்கு வருவோம்.

சொல்லைச் சோதிக்க ஞகரம் உதவியதுபோல, கல்லிலையைச் சோதிக்க நடுநரம்பு உதவும். இலை என்றால் காம்பு இருக்கும், நடுநரம்பு இருக்கும், அதிலிருந்து கிளைநரம்பு ஒரு ஒழுங்கில் பிரியும், ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் அளவில் ஒப்புமை இருக்கும். அண்ணன் மகள் வீட்டுக் கல்லில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுநரம்பு எங்கும் இல்லை. கிளைகள் எல்லாம் கல்லின் ஒரு மெல்லிய வெடிப்புக் கோட்டிலிருந்து புறப்பட்டு, நீர் கசிந்த திசையில் மனம்போனபடி பிரிந்திருந்தன. சுவரில் மழைநீர் இறங்கிய ஈரம் படர்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே நடை. மாங்கனீசும் இரும்பும் கரைந்த நீர் கல்லின் இடுக்கில் ஊறி, காய்ந்து, கனிமமாகப் படிந்த கறை அது. இலை எதுவும் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இந்தக் கறைக்கு நிலநூலில் ‘டென்ட்ரைட்’ என்று பெயர். ‘டென்ட்ரான்’ என்றால் கிரேக்கத்தில் மரம். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா என்ற ஊரில், கேன் ஆற்றில் கிடைக்கும் அகேட் கற்களில் இதே கறை உண்டு. அதை அறுத்து மெருகேற்றிப் பதக்கம் செய்கிறார்கள். பெயர் சஜர் கல். ‘சஜர்’ அரபியில் மரம். கிரேக்கனும் அரபியனும் கறையைப் பார்த்து மரம் என்றார்கள். உவமையாகச் சொன்னார்கள், ஏமாற்றவில்லை. ஏமாற்றம் ‘ஃபாசில்’ என்ற சொல் ஒட்டும்போது தொடங்குகிறது. இராஜஸ்தானிலிருந்து போகும் இந்த வகை மணற்கல்லுக்குப் பிரிட்டனில் ‘ஃபாசில் மின்ட்’ என்று விற்பனைப் பெயர். வீட்டு முற்றங்களில் விரிக்கிறார்கள். அந்த வணிகப் பெயர்தான் சுற்றிச் சுழன்று நம் ஊர்க் கடைக்கும் வந்திருக்க வேண்டும்.

திருநாவலூர் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பாறையில் இலையைத் தேடுவதும் வீண். கல்வராயன் மலை சார்னகைட் பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நிலத்தில் செடி முளைத்ததே 50 கோடி ஆண்டுக்குள்தான். சார்னகைட் என்ற பெயரும் ஒரு கல்லறைப் பெயர்: கல்கத்தாவில் கால்கோள் இட்ட ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் போட்டிருந்த கல், நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லே என்று கண்ட ஹாலண்ட் என்ற நிலநூலார் சூட்டியது.

கல்லான மரத்தைப் பார்க்க வேண்டுமானால் அண்ணன் மகள் வடகிழக்கே போக வேண்டும். திருநாவலூரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் திருவக்கரை. 1781இல் பிரெஞ்சுக்காரர் சோனரா அதைப் பற்றிப் பதிவு செய்தார். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வகம் அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காக்கத் தொடங்கியது. 247 ஏக்கர். 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், கட்டைகளாகக் கிடக்கின்றன. நீரில் கரைந்த சிலிக்கா ஒவ்வொரு அணுவறையிலும் புகுந்து மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண்டு வளையம் போன்ற கோடுகளும் கணுவும் அப்படியே இருக்கின்றன. அறுத்து நுண்ணோக்கியில் வைத்தவர்கள் ஒரு கட்டையை நாங்கு மரத்தின் உறவு என்று கண்டு ‘மெசுவாக்சைலான் ஆர்காடென்ஸ்’ என்று பெயரிட்டார்கள்: ‘ஆர்க்காட்டு நாங்குக் கட்டை’. இதில் உவமைக்கே இடமில்லை. உயிரணுவை எண்ணிப் பார்த்து வைத்த பெயர். ஊர்க்காரர்கள் அதை அரக்கனின் எலும்பு என்று கதை சொல்வார்கள். ஆனால் பெயர் வைக்கும்போது எலும்பு என்று வைக்கவில்லை. கல்மரம் என்றார்கள். பொருள் கல், வடிவம் மரம். இரண்டு சொல்லில் உண்மை முடிந்துவிட்டது. அலீதோப்டெரிஸ் என்று வைத்த பண்டிதரைவிடத் திருவக்கரை மாடு மேய்த்தவருக்குக் கண் கூர்மை என்பது என் தீர்ப்பு.

கல்லிலையைச் சுவருக்கு அழகாக்குவதில் எனக்கு மாறுபாடு இல்லை. லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு அடிக்கல் செய்யும்போது பீர்பல் சாஹனி, பல நாடுகளிலிருந்தும் சேர்த்த தொல்லுயிர்க் கற்களைப் பதித்து ஒரு பலகை வார்த்தார். 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அதை நாட்டினார். ஒரு வாரத்தில் சாஹனி இறந்துபோனார். எந்தக் கல் என்ன என்று அறிந்து பதித்த பலகை அது.

அடுத்த தடவை போனபோது அண்ணன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. “அப்போ இலையே இல்லையா சித்தப்பா?” என்றாள். கறைதான் என்றேன். கல்லைக் கழற்றவில்லை, அது அழகாகத்தான் இருக்கிறது. பையன் மட்டும் ஒரு அட்டையில் ‘மாங்கனீசுக் கறை’ என்று எழுதி அதன் கீழே ஒட்டியிருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்களாம்.

பெரணிக் கல் என்று யாராவது விற்க வந்தால் நடுநரம்பைத் தேடுங்கள். திருவக்கரைக்குப் போனால் கல்மரத் துண்டு ஒன்றைக்கூட மடியில் முடிந்துகொண்டு வராதீர்கள். காப்புப் பெற்ற இடம் என்பதால் எடுப்பது குற்றம், அதோடு வேலிக்கு வெளியே வந்துவிட்டால் அது எந்த மரம் என்று சொல்ல அந்த மண் உடன் இருக்காது.